பிரித்துத் தூக்கும் படகு

தோளில் சுமக்கக்கூடிய சிறு படகு நம் காலத்துக் கண்டுபிடிப்பு அல்ல. வடசென்னையின் திருவொற்றியூர்க் குப்பங்களில் அதற்குக் கட்டுமரம் என்று பெயர். நீளவாக்கில் செதுக்கிய சில மரங்களைக் கயிற்றால் இறுக்கிய மிதவை அது. 1697இல் வெளியான ஆங்கிலக் கடலோடி டாம்பியரின் பயண நூலிலேயே அது இடம்பெற்றுவிட்டது. கரை சேர்ந்ததும் முடிச்சை அவிழ்த்து, மரம் மரமாகச் சுமந்து மணலில் காயப் போடுவார்கள். நீர் ஊறிய மரம் கனக்கும். காய்ந்தால்தான் மறுநாள் லேசாக மிதக்கும். அலை உடையும் திறந்த கரைக்கு இதைவிடப் பொருத்தமான கலம் இல்லை.

கட்டுமரம் குழந்தைகளுக்கு ஆபத்து என்பார்கள். கடல் யாருக்கும் ஆபத்துதான். ஆனால் குழிவான உடல் இல்லாத கட்டுமரத்தில் தண்ணீர் தேங்காது. கவிழ்ந்தாலும் மூழ்காது, பற்றிக்கொள்ள மரம் இருக்கும். கரையோரச் சிறுவர்கள் துடுப்புப் பழக ஏற்றது அதுவே. ஃபைபர் படகு வேகமானது, கூடுதல் வலை ஏற்றும் என்பதும் உண்மை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் அது வெகுவாகப் பெருகியது. ஆனால் கட்டுமரம் மறைய அது மட்டுமே காரணம் என்பதை ஏற்க முடியாது. சென்னைத் துறைமுகச் சுவர் தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்தது. அதனால் தெற்கே மெரினா அகலமானது, வடகரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள். கட்டுமரத்தைப் பிரித்துக் காயவைக்க மணல் வேண்டும். திருவொற்றியூரில் பல இடங்களில் இன்று அந்த மணல் இல்லை.