ஸ்பிரிக் அம்மாள் விடுதி

1847 டிசம்பர் தொடக்கத்தில் வாஷிங்டனில் வந்து இறங்கியபோது ஆபிரகாம் லிங்கனுக்கு வயது 38. கூடவே மனைவி மேரி, நான்கு வயது ராபர்ட், இரண்டு வயதுகூட நிரம்பாத எடி. தேர்தலில் ஜெயித்து ஒன்றேகால் வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. வாக்குப்பதிவு நடந்தது 1846 ஆகஸ்டில். பதவியேற்க அவ்வளவு காலம் காத்திருப்பது அந்நாளைய அமெரிக்க நடைமுறை. இலினாய் மாநிலத்திலிருந்து பிரதிநிதிகள் சபைக்குப் போன ஏழு பேரில் விக் கட்சிக்காரர் அவர் ஒருவர்தான்.

அந்தக் காலத்தில் உறுப்பினர்கள் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்து, சாப்பாடு போடும் விடுதிகளில் தங்குவார்கள். கேப்பிட்டல் மாளிகைக்கு எதிரே ஸ்பிரிக் என்ற விதவை அம்மாள் அப்படியொரு விடுதி நடத்தினார். லிங்கன் குடும்பம் அங்கே குடியேறியது. உறுப்பினருக்கென்று தனி அலுவலகமோ உதவியாளரோ கிடையாது. சபையில் கடைசி வரிசையில் கிடைத்த மேசைதான் லிங்கனுக்கு எல்லாமே. தொகுதிக்காரர்களின் கடிதங்களுக்கு அவரே கைப்பட பதில் எழுத வேண்டும்.

அவருக்கு முதலில் கிடைத்த வேலையும் சில்லறை வேலைதான்: தபால் துறைக் குழு. 1848 ஜனவரி தொடக்கத்தில் தபால் ஒப்பந்தம் ஒன்றைப் பற்றிச் சபையில் பேசிப் பார்த்தார். எங்கே பேசினாலும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது, கோர்ட்டில் பேசும்போது இருக்கும் அதே பயம்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று வக்கீல் கூட்டாளி ஹெர்ண்டனுக்கு எழுதினார். அதற்கு முந்தைய மாதமே இன்னொரு கடிதத்தில், நான் பெயர் எடுக்க வேண்டும் என்று நீங்களெல்லாம் துடிக்கிறீர்கள், சீக்கிரம் எடுத்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தார். கிண்டல்தான். ஆனால் கிண்டலுக்குள் அவசரமும் இருந்தது.

அந்த அவசரம் மெக்சிகோ போரில் வந்து நின்றது. அமெரிக்க மண்ணில் அமெரிக்க ரத்தம் சிந்தப்பட்டது என்று சொல்லித்தான் ஜனாதிபதி போல்க் போரைத் தொடங்கியிருந்தார். சபைக்கு வந்து மூன்று வாரம் முடியும் முன்பே, டிசம்பர் 22 அன்று, ரத்தம் சிந்திய அந்த இடம் எது, அது யாருடைய மண் என்று கேட்டு லிங்கன் தீர்மானங்கள் கொண்டுவந்தார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் வக்கீலின் கேள்விகள் அவை. நியாயமான கேள்விகள் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் போல்க் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சபையும் தீர்மானங்களைக் கிடப்பில் போட்டது. ஊரிலோ கொந்தளிப்பு. இலினாயிலிருந்து ஆயிரக்கணக்கானோர் போருக்குப் போயிருந்தார்கள். லிங்கனுக்கு முன்பு அதே தொகுதியின் உறுப்பினராக இருந்த ஜான் ஹார்டின் போர்க்களத்தில்தான் உயிரைவிட்டார். ‘ஸ்பாட்’ (இடம்) எது என்று கேட்டவர் என்பதால் எதிர்க்கட்சிப் பத்திரிகைகள் ‘ஸ்பாட்டி லிங்கன்’ என்று பட்டப்பெயர் சூட்டின. படைகளுக்கான நிதிக்கு அவர் தவறாமல் ஆதரவாக வாக்களித்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை.

இதற்கிடையில் மேரி பிள்ளைகளோடு கென்டக்கியில் இருந்த தந்தை வீட்டுக்குப் போய்விட்டார். ஏப்ரல் 16 அன்று லிங்கன் அவருக்கு எழுதிய கடிதம் கிடைத்திருக்கிறது. நீ இங்கே இருந்தபோது என் வேலைக்கு இடைஞ்சல் என்று நினைத்தேன், இப்போது வேலையைத் தவிர வேறொன்றும் இல்லை, அது சப்பென்று இருக்கிறது என்கிறார். எடிக்குக் கட்டம் போட்ட காலுறை வாங்கிவரச் சொல்லியிருந்தார் மேரி. ஒரு கடைக்காரர் கடையையே மூடிவிட்டார், இன்னொருவரிடம் அந்த மாதிரி ஒரு ஜோடிகூட இல்லை என்று ஒப்பிக்கிறார் நாட்டின் சட்டம் இயற்றும் மனிதர்.

விடுதியின் சாப்பாட்டு மேசை அவருக்கு வேறொரு பள்ளிக்கூடம். அடிமைமுறையைக் கடுமையாக எதிர்த்த ஜோஷுவா கிடிங்ஸ் அங்கேதான் சாப்பிட்டார். 1848 ஜனவரியில், அதே விடுதியில் பரிமாறிக்கொண்டிருந்த கறுப்பினப் பணியாளரை ஆயுதத்தோடு வந்தவர்கள் இழுத்துப் போனார்கள். தன் விடுதலைக்கான விலையில் பெரும்பகுதியை அவர் கட்டி முடித்திருந்தார். கிடிங்ஸ் இதைச் சபையில் எழுப்பினார். கேப்பிட்டலின் ஜன்னல் வழியே பார்த்தால் அடிமைகளை அடைத்து வைக்கும் கொட்டடி தெரியும். அதை லிங்கன் 1854இல் பியோரியா நகரில் ஆற்றிய உரையிலும் நினைவுகூர்ந்தார். 1849 ஜனவரியில் தலைநகரில் அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்க, உடைமையாளருக்கு இழப்பீடு தரும் மசோதா ஒன்றை எழுதினார். ஆதரவு தருவதாகச் சொன்னவர்கள் கைவிட, அதைத் தாக்கல் செய்யவே இல்லை. ஆர்ப்பாட்டமாக எழுந்த போர்த் தீர்மானங்களைவிட, எழுதியும் எழும்பாத இந்த மசோதாதான் அந்த இரண்டு வருஷங்களின் உருப்படியான வேலை என்பது என் எண்ணம்.

பயணப்படி விவகாரத்திலும் அவர் பெயர் அடிபட்டது. பத்திரிகையாசிரியர் ஹோரஸ் கிரீலி, உறுப்பினர்கள் சுற்றுவழியைக் கணக்குக் காட்டிக் கூடுதலாக வாங்கிய தொகைகளை அச்சிட்டார். பட்டியலில் லிங்கனும் இருந்தார். சட்டப்படி அது குற்றமில்லை. பயணப்படி பில் எல்லா நாட்டிலும் ஒரே ஜாதி போலிருக்கிறது!

கட்சிக்குள் இருந்த சுழற்சி ஏற்பாட்டின்படி அவர் மறுபடி நிற்கவில்லை. அடுத்து நின்ற விக் வேட்பாளர் ஸ்டீஃபன் லோகன் தோற்றார். பதவிக்காலம் 1849 மார்ச்சில் முடிந்ததும் லிங்கன் நில நிர்வாகத் துறையின் ஆணையர் பதவிக்கு முயன்றார். அது ஜஸ்டின் பட்டர்ஃபீல்டுக்குப் போனது. ஆரிகன் பிரதேச ஆளுநர் பதவி வந்தபோது வேண்டாமென்று சொல்லிவிட்டு, ஸ்பிரிங்ஃபீல்டில் ஹெர்ண்டனோடு வக்கீல் தொழிலைப் பார்க்கப் போனார்.

(தொடரும்)