விஸ்துலா நதிக்கரையில் ஒரு சிற்றூர்

ஓர் ஊரின் சரித்திரத்தை அதன் மாளிகைகளிடம் கேட்டால் பாதி வரலாறே கிடைக்கும். மற்றப் பாதியை நாம் யாரிடம் கேட்பது? போலந்து தேசத்தில் விஸ்துலா நதியின் கரையிலுள்ள காஸிமியெஷ் டோல்னி என்னும் சிற்றூர் இவ்வினாவை நம்முன் எழுப்புகின்றது.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் இவ்வூர் தானிய வாணிகத்தால் செழித்தோங்கியது. ஆற்றங்கரைக் களஞ்சியங்களிற் குவிந்த தானியம் படகுகளிலேறி, டான்ஸிக் எனவும் வழங்கிய கிதான்ஸ்க் துறைமுகம் சேர்ந்து, அங்கிருந்து டச்சுக் கப்பல்களில் மேனாடுகளுக்குச் சென்றது. 1615இல் பிஷிபிலா சகோதரர் இருவர் சந்தைத் திடலில் இரு மாளிகைகள் எழுப்பி, தம் பெயர்களுக்குரிய ஞானியரான நிக்கோலாஸ், கிறிஸ்டோபர் ஆகியோரின் உருவங்களைச் சுவரிற் பொறித்தனர். அவை இன்றும் உள்ளன.

ஆனால், அத்தானியத்தை விளைவித்தவனின் உருவம் எங்கே? அவன் பண்ணையடிமை, பிரபுவின் நிலத்தில் வாரத்திற் பல நாட்கள் கூலியின்றி உழைக்கப் பிறப்பினாலேயே விதிக்கப்பட்டவன். அவன் பெயரை எச்சுவரும் தாங்கவில்லை. சுவீடியப் போர்களாலும், 1772இன் பின் பிரஷ்யா விதித்த சுங்கவரியாலும் வாணிகம் நலிந்தது. பண்ணையடிமைக்கோ 1864இல்தான் விடுதலை கிட்டியது.

இவ்வூரில் யூதரும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தனர். இரண்டாம் உலகப் போருக்கு முன் ஊராரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அவர்களே. ஜெர்மன் நாஜிகள் அவர்தம் கல்லறைக் கற்களைப் பெயர்த்து, தாங்கள் கைப்பற்றிய கிறிஸ்தவ மடத்தின் முற்றத்திற் பாவினர். 1942இல் யூதரை ஊரினின்றும் துரத்தினர். பெரும்பாலோர் பெல்ஜெட்ஸ் கொலைக்களத்தில் மாண்டனர்.

இன்று காஸிமியெஷ் ஓவியரும் உல்லாசப் பயணிகளும் விரும்பும் ஊர். பழைய களஞ்சியங்களுள் ஒன்று இயற்கைப் பொருட்காட்சிச்சாலை. போரிற் சிதைந்த யூதர் தொழுகைக்கூடம் பின்னர் கட்டப்பெற்றுப் பல்லாண்டு சினிமாக் கொட்டகையாக இருந்தது; அங்கு தொழுத சமூகமோ திரும்பவில்லை. 1984இல், மீட்ட கல்லறைக் கற்களைக் கொண்டு ஊர்ப்புறத்தே ஒரு நினைவுச் சுவர் எழுப்பப்பட்டது. அதன் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு விடப்பட்டிருக்கிறது. எக்கொத்தனாரும் அடைக்கக்கூடிய பிளவுதான். அடைக்காமல் விட்டதே அதன் பொருள்.

பிறப்பைக் காட்டி மனிதனைத் தாழ்த்தும் கொள்கை பண்ணையாளனிடம் உழைப்பைப் பறித்தது. யூதனிடம் உயிரையும் கல்லறையையும் பறித்தது. எழில்மிகு மாளிகைகளைக் கண்டு மகிழ்வோம். அத்துடன் அவற்றின் சுவரில் இடம்பெறாதோர் யாவரென்றும் வினவுவோமாக.