தகரவில்லையும் இ-பாஸும்

1899 ஜூன் கடைசி வாரம். கல்கத்தாவிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ‘கோல்கொண்டா’ கப்பல் சென்னைத் துறைமுகத்தில் வந்து நின்றது. மேல்தளத்தில் விவேகானந்தர், கரையில் அவரைப் பார்க்கத் திரண்ட கூட்டம். நடுவில் குறுக்கே நின்றது பிளேக் விதி. கல்கத்தாவிலிருந்து வரும் இந்தியர் சென்னையில் இறங்கக் கூடாது. அவர் இறங்க முடியாததால் கூட்டம் படகேறிக் கப்பலடிக்குப் போனது. அவருடைய சென்னை அன்பர் அளசிங்கப் பெருமாள் இன்னும் ஒரு படி மேலே போனார். கொழும்பு வரை டிக்கெட் எடுத்துக் கப்பலிலேயே ஏறிவிட்டார். இறங்குவதற்குத்தானே தடை, ஏறுவதற்கு இல்லையே!

பெருந்தொற்று வந்தால் பயணம் நின்றுபோகிறது என்பது எல்லோரும் அறிந்த செய்தி. அதைவிடக் கவனிக்க வேண்டியது, நோய் தணிந்து பயணம் மீண்டும் தொடங்கும்போது அது பழைய பயணமாக இருப்பதில்லை என்பது. யார் கேள்வியின்றிப் போகலாம், யார் வரிசையில் நிற்க வேண்டும், யார் கையில் எந்தச் சீட்டு இருக்க வேண்டும் என்ற கணக்கு அதற்குள் மாறிவிடுகிறது. 1894இல் ஹாங்காங்கைத் தாக்கி, 1896 செப்டம்பரில் பம்பாயில் வெளிப்பட்ட பிளேக்கின் வழியே இதைப் பின்தொடரலாம். பாக் நீரிணையின் இரு கரையிலும் அதன் தடம் அழுத்தமாக விழுந்திருக்கிறது.

பம்பாயில் நோய் கண்ட சில மாதங்களில், 1897 பிப்ரவரியில், தொற்றுநோய்ச் சட்டம் பிறந்தது. மிகச் சிறிய சட்டம். ஆனால் ரயிலிலும் பிற வழிகளிலும் பயணம் செய்வோரைச் சோதிக்கவும், நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படுவோரைப் பிரித்து வைக்கவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. பயணிகளை நடைமேடையில் வரிசையாக நிறுத்தி, அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார்கள். பெண்களையும் அப்படிச் சோதித்ததுதான் பெருங்கொந்தளிப்பை மூட்டியது. சென்னை மாகாணத்தில் ‘பிளேக் பாஸ்போர்ட்’ என்ற ஒன்றும் வந்தது. நோய் கண்ட ஊரிலிருந்து வருபவர், போய்ச் சேர்ந்த இடத்தில் பத்து நாள் தினமும் அதிகாரி முன் ஆஜராகித் தம் உடம்பைக் காட்ட வேண்டும். பாஸ்போர்ட் என்ற சொல் பல குடும்பங்களுக்கு வெளிநாட்டின் வழியாக அல்ல, பக்கத்து ஜில்லாவின் வழியாகத்தான் அறிமுகமாகியிருக்கும்.

இதே நோயைச் சாக்காக வைத்துத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் காலனி தன் கதவையே மாற்றிப் போட்டது. 1896 டிசம்பரில் பம்பாயிலிருந்து சென்ற ‘கூர்லண்ட்’, ‘நாதேரி’ என்ற இரு கப்பல்கள் டர்பனுக்கு வெளியே நிறுத்திவைக்கப்பட்டன. அவற்றில் ஏறத்தாழ 800 பயணிகள். காந்தியும் அவர் குடும்பமும் ‘கூர்லண்டில்’ இருந்தார்கள். பிளேக் கிருமி வெளிப்பட 23 நாள் ஆகலாம் என்றார் மருத்துவர். அந்தக் கெடு முடிந்த பிறகும் அனுமதி எளிதில் வரவில்லை. கரையில் இருந்த வெள்ளையர் கூட்டத்துக்கு வேண்டியிருந்தது நோய்த் தடுப்பு அல்ல, இந்தியர் திரும்பிப் போவது. ஜனவரி 13 அன்று காந்தி இறங்கினார், தெருவில் தாக்கப்பட்டார். அதே 1897இல் நேட்டால் அரசு குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. நாட்டுக்குள் வர விரும்புகிறவர் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுதிக் காட்ட வேண்டும். சட்டத்தில் நிறத்தின் பெயரே இல்லை; வடிகட்டியது நிறத்தைத்தான். 1901இல் ஆஸ்திரேலியா இந்த உத்தியைக் கைக்கொண்டு, பல பத்தாண்டுகள் வைத்துக்கொண்டது. கப்பலை நிறுத்திய பிளேக் அச்சம் சில வாரங்களில் தீர்ந்தது. அந்தச் சூட்டில் வார்த்தெடுத்த சட்டம் தலைமுறைகளைக் கடந்தது.

பாக் நீரிணையில் நடந்தது இவ்வளவு கூச்சலில்லாமல் நடந்தது. அதனாலேயே அது கொஞ்சம் விரிவாகச் சொல்லப்பட வேண்டியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளர்கள் தோணியில் கடலைத் தாண்டி, மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைவரை காட்டுப் பாதையில் நடந்தார்கள். காலராவும் பசியும் அந்தப் பாதையோரம் எத்தனையோ பேரைப் புதைத்தன. அப்போதெல்லாம் பாதை திறந்தே இருந்தது. இந்தியாவில் பிளேக் பரவி, அது தோட்டங்களையும் கொழும்பு வணிகத்தையும் தொட்டுவிடும் என்ற அச்சம் வந்ததும்தான், நூற்றாண்டின் முடிவில், வடக்குப் பாதை மூடப்பட்டது. இனி எல்லோரும் தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்குக் கப்பலில் வர வேண்டும். தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், கொழும்பை ஒட்டிய ராகமையிலும் முகாம்கள் அமைந்தன. ராகமை முகாம் போயர் போர்க் கைதிகளையும் அடைத்துவைத்த இடம்!

1914 பிப்ரவரியில் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் தடம் திறந்தது. சென்னை எழும்பூரில் போட் மெயில் ரயிலில் ஏறியவரால் கொழும்புவரை ஒரே டிக்கெட்டில் போக முடிந்தது. ஆனால் தோட்டத் தொழிலாளிக்கு வழியில் ஓர் ஊர் குறுக்கிட்டது. மண்டபத்தில் இலங்கை அரசு, இந்திய மண்ணிலேயே, தன் செலவில் ஒரு முகாமை நடத்தியது. குடும்பம் குடும்பமாக இறக்கி, துணிகளை வேகவைத்து, அம்மை குத்தி, கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்து, நாள்கணக்கில் தங்கவைத்துத்தான் கடலைத் தாண்ட விட்டார்கள். தொழிலாளியிடம் இருந்த அடையாளம் ஒரு தகரவில்லை. தோட்டத்தின் குறியும் ஆளின் எண்ணும் பொறித்தது. ஆள் எடுக்கும் கங்காணி கொடுப்பது, கயிற்றில் கோத்துக் கட்டிக்கொள்வது. அதைக் காட்டினால் முகாமிலிருந்து தோட்டம்வரை பயணம் நடக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். இன்று கைபேசித் திரையில் நீட்டப்படும் கட்டக் குறியீடு (QR) செய்யும் வேலையை, அன்று அந்தத் தகரத்துண்டு செய்தது. யார், எங்கிருந்து, யாருடைய பொறுப்பில் என்பதெல்லாம் அதில் அடக்கம்.

இவ்வளவு காவலும் எதைத் தடுத்தது? பிளேக் மனிதரின் துணிமூட்டையில் வருவதைவிட எலியிலும் எலித்தெள்ளிலும் வருகிறது என்பதை 1898இலேயே பால் லூயி சிமோன் கராச்சியில் கண்டு சொல்லிவிட்டார். அதை உலகம் ஒப்புக்கொள்ள ஏறத்தாழ பத்தாண்டு ஆயிற்று. இலங்கையில் முதல் பிளேக் 1914இல் வெளிப்பட்டது. தடுத்து நிறுத்திய கூலிகள் போய்ச் சேர்ந்த மலைத்தோட்டத்தில் அல்ல. கொழும்பு நகரில், தானியக் கிடங்குகளை ஒட்டி. ஆளை நிறுத்தினார்கள், அரிசி மூட்டை போய்க்கொண்டே இருந்தது.

மண்டபம் முகாம் அதற்காக மூடப்படவில்லை. ஆள் எடுப்பை ஒழுங்குபடுத்த, எண்ணிக்கை வைக்க, மருத்துவம் பார்க்க என்று அதற்கு வேறு பயன்கள் முளைத்திருந்தன. 1983க்குப் பிறகு இலங்கைத் தமிழ் அகதிகள் வந்து இறங்கியபோது அவர்களைத் தங்கவைத்ததும் மண்டபத்தில்தான். 2022இல் இலங்கையில் பொருளாதாரம் சரிந்தபோது தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கிய குடும்பங்களும் மண்டபத்துக்கே கொண்டுசெல்லப்பட்டன. ரயில் நிலையப் பலகையில் இன்றும் ‘மண்டபம் கேம்ப்’.

எல்லாச் சீட்டும் இப்படி நிலைத்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பயணிகள் பாஸ்போர்ட்டுக்குள் செருகிவைத்திருந்த பெரியம்மைத் தடுப்பூசிச் சான்றிதழ், அந்நோய் ஒழிந்ததாக 1980இல் உலக சுகாதார அமைப்பு அறிவித்தபின் தேவையற்றுப் போனது. கொரோனாக் காலத்தில் விமானப் பயணிகள் நிரப்பிய ‘ஏர் சுவிதா’ படிவத்தை 2022 நவம்பரில் இந்தியா கைவிட்டது. நோயைத் தவிர வேறு பயன் இல்லாத சீட்டுகள் நோயோடு போகின்றன. நிர்வாகத்துக்கோ கருவூலத்துக்கோ உதவும் ஏற்பாடுகள்தான் தங்கிவிடுகின்றன. 2020 மார்ச்சில் ரயில்வே நிறுத்திய மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை நல்ல எடுத்துக்காட்டு. ஏசி பெட்டிகளுக்குப் போர்வை 2022 மார்ச்சில் திரும்பி வந்தது. அறுபது வயது ஆணுக்கு இருந்த 40 விழுக்காடும், ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு இருந்த 50 விழுக்காடும் ரயில்கள் நிரம்பி ஓடத் தொடங்கிய பிறகும் வரவில்லை.

கொரோனா நாட்டுக்குள் வந்தது விமானத்தில். ஊரடங்கில் சாலையில் நடந்தவர்கள் கூலித் தொழிலாளர்கள். 1897ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் தூசி தட்டி எடுக்கப்பட்டது. 2020 மே 1 முதல் ஓடிய ‘ஷ்ரமிக்’ சிறப்பு ரயில்கள் 63 லட்சம் பேரை ஊர் சேர்த்தன. ஜூன் தொடக்கத்தில் ‘ஜலஷ்வா’ என்ற கடற்படைக் கப்பல் கொழும்பில் சிக்கியிருந்த ஏறத்தாழ 700 பேரைத் தூத்துக்குடியில் இறக்கியது. நூறாண்டுக்கு முன் தொழிலாளர்கள் போன அதே தடம், எதிர்த்திசையில். துறைமுகத்தில் அதே உடல் சோதனை.

தமிழ்நாட்டுக்குள் அப்போது மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்தது. கல்யாணமா, சாவா, மருத்துவமா? காரணம் சொல்லி, பத்திரிகையையோ சீட்டையோ படம்பிடித்து ஏற்றிவிட்டு, பச்சைக்கொடிக்குக் காத்திருந்தார்கள். 2020 செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் அந்தக் கட்டாயம் நீங்கியது; நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு ஆகிய மலைகளுக்கு மட்டும் தொடர்ந்து, பிறகு அங்கும் மறைந்தது.

2024 மே 7 அன்று அது திரும்பி வந்தது, இம்முறை நோய் இல்லாமல். கோடை நெரிசலில் மலை தாங்குமா என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸைக் கட்டாயமாக்கியது. 2025 ஏப்ரல் முதல் எண்ணிக்கை வரம்பும் சேர்ந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொரோனாவில் பழகிய படிவம் என்பதால் மக்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்று மட்டும் தலைகீழ். பிளேக் காலத்திலிருந்து ஏழைப் பயணியையே துரத்திவந்த சீட்டு, இந்த மலைப்பாதைகளில் கார்க்காரரைக் கேட்கிறது. அரசுப் பேருந்தில் ஊட்டிக்குப் போகிறவருக்கு இ-பாஸ் வேண்டாம்.