பின்னுக்கு நகர்ந்த பலகை

விரைந்து பறக்கச் சிறிய இறக்கை வேண்டும். மெதுவாகத் தரையிறங்கப் பெரிய இறக்கை வேண்டும். 1924இல் ஹார்லன் ஃபௌலர் என்ற அமெரிக்கப் பொறியாளர் இரண்டையும் ஒரே இறக்கையில் கொண்டுவர வழி கண்டார். அதுவரை ஃப்ளாப் என்றால் பெரும்பாலும் இறக்கையின் பின்விளிம்பில் கீல் போட்ட ஒரு பலகை. கீழே மடங்கும், அவ்வளவுதான். ஃபௌலர் அதைத் தண்டவாளத்தில் ஏற்றினார். பின்னுக்கு நகர்ந்து இறக்கையின் பரப்பைக் கூட்டிவிட்டு, பிறகு அது கீழே வளைந்தது. 1932இல் அமெரிக்க அரசின் விமான ஆய்வு அமைப்பான நாகா அதைச் சோதித்துப் பார்த்தது. 1937இல் லாக்ஹீட் 14 அதைப் பயணிகளிடம் கொண்டுவந்தது.

பிறகு வந்த ஜெட்டுகளின் பின்சாய்ந்த இறக்கை வேகத்துக்கு நல்லது, நிதானத்துக்கு ஆகாது. ஆனால் 1963இல் பறந்த போயிங் 727, நியூயார்க் லகார்டியாவில் 5,000 அடிக்கும் குறைவான ஓடுபாதையைக் கையாள வேண்டியிருந்தது. அதனால் அதன் ஃப்ளாப் மூன்று துண்டானது. இறக்கைக்கு அடியில் அழுத்தம் மிகுந்த காற்று துண்டுகளின் இடுக்கில் புகுந்து மேலே பாயும். சோர்ந்து பிரியப்போகும் மேற்காற்றை இறக்கையோடு ஒட்டிப் போகவைக்கும். முழுதாக இறக்கினால் இறக்கையே அடுக்கடுக்காகப் பிரிந்து நிற்கும், இடுக்குகளில் தரை தெரியும். விமானத்தில் இதைவிட அழகான காட்சி எனக்குத் தெரியாது.

இறக்குவதிலும் கணக்கு உண்டு. போயிங் 737 கிளம்பும்போது ஃப்ளாப் நெம்புகோல் பெரும்பாலும் 5 என்ற நிலையில் இருக்கும்: தூக்கும் விசை கூடும், காற்றுத்தடை அதிகம் ஏறாது. இறங்கும்போது 30 அல்லது 40. அப்போது தடையும் தேவை. 1987இல் டெட்ராய்டில் ஃப்ளாப்பை இறக்காமலே கிளம்பிய எம்டி-82 விமானம் விழுந்து 156 பேர் மாண்டார்கள். சரிபார்ப்புப் பட்டியலை விமானிகள் பார்க்கவில்லை. எச்சரிக்கைக் கருவிக்கு மின்சாரமும் வரவில்லை. ஒரு நெம்புகோல் இத்தனை உயிர்களைத் தாங்குகிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

727இல் போல ஃப்ளாப் மூன்று துண்டு என்றால் தண்டவாளம், உருளை, திருகுதண்டு, எடை, பராமரிப்பு எல்லாமே கூடும். வடிவமைப்புக் கணக்கைக் கணினி ஏற்றபின் துண்டுகள் குறைந்தன. 737இன் பிந்தைய தலைமுறைக்கு இரண்டு, 787க்கு ஒன்று. ஏர்பஸ் ஏ350இலோ கீலே திரும்பி வந்தது. இறக்கைக்கு வெகுகீழே தொங்கும் கீல் அது. சுழலும்போதே ஃப்ளாப்பைப் பின்னுக்கும் கொண்டுபோகும். மேலே, இறக்கையின் முதுகில் நிமிரும் ஸ்பாய்லர் பலகைகள் தாமும் சற்றுத் தாழ்ந்து இடுக்கின் அளவைச் சரிசெய்யும். நெடுங்காலம் இரட்டை ஃப்ளாப்போடு பறந்த ஏ321கூட, 2024இல் சேவைக்கு வந்த எக்ஸ்எல்ஆர் வடிவில் உட்புற ஃப்ளாப்பை ஒற்றையாக்கிக்கொண்டது.