சி நிரல்களில் செல்லாத உள்ளீடு

சி நிரல் எண்ணை எதிர்பார்க்கும் இடத்தில் எழுத்தோ, வெற்று வரியோ, ஒதுக்கிய இடத்தை மீறும் நீண்ட சொல்லோ வந்தால் அது செல்லாத உள்ளீடு. டென்னிஸ் ரிச்சி 1972-ஐ ஒட்டி பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய இந்த மொழியில், தவறு நேர்ந்தால் நிரலைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு இல்லை. பெரும்பாலும் செயற்கூறு திருப்பித் தரும் மதிப்புதான் தவறைச் சொல்லும். அதைப் பார்க்காத நிரல் கையில் கிடைத்த எண்ணை நம்பிக் கணக்குப் போடும். ஆகவே எந்த உள்ளீட்டையும் முதலில் முழு வரியாக வாங்கி, சோதித்த பிறகே எண்ணாக ஏற்பதுதான் பாதுகாப்பான முறை.

திருப்பூர் மாவட்டத்து விசைத்தறி ஊரான சாமளாபுரத்தின் தொழிலைக் கொண்டே இதை விளக்கலாம். கூலிக்கு நெய்யும் இடத்தில் நெய்த மீட்டரை மீட்டர் கூலியால் பெருக்குவதே அடிப்படைக் கணக்கு. அதற்கென ஒரு சிறு நிரல், இரண்டையும் ஸ்கேன்எஃப் (scanf) என்ற உள்ளீட்டுச் செயற்கூறு மூலம் முழு எண்ணாக வாங்குவதாகக் கொள்வோம். மீட்டர் 112.5 என்று தட்டினால் அது 112-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, புள்ளியையும் ஐந்தையும் உள்ளீட்டிலேயே விட்டுவிடும். அடுத்துக் கூலியைக் கேட்கும் அழைப்பு, யாரும் தட்டும்வரை காத்திராமல் அந்தப் புள்ளியில் முட்டித் தோற்கும். கூலி மாறியில் முன்பிருந்த மதிப்பே நிற்கும். இதே அழைப்பை மடக்கில் வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டாலும், எடுக்கப்படாத புள்ளி அங்கேயே இருப்பதால் நிரல் முடிவின்றிச் சுழலும்.

ஸ்கேன்எஃப் தரும் மதிப்பைச் சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். மேற்சொன்ன முதல் அழைப்பு 1 என்று வெற்றியையே அறிவிக்கும். பிழை அப்போதே நுழைந்துவிட்டது. எழுத்துச் சரத்தை எண்ணாக மாற்றும் ஏடூஐ (atoi) இன்னும் மோசம்: எழுத்தைத் தந்தாலும் 0, பூச்சியத்தைத் தந்தாலும் 0. எஃப்கெட்ஸ் (fgets) கொண்டு வரியை வாங்கி, அதை எண்ணாக மாற்றும் ஸ்ட்ர்டோலிடம் (strtol) கொடுத்தால் மூன்று கேள்விகளுக்கு விடை கிடைக்கும்: இலக்கம் ஏதும் இருந்ததா, எண்ணுக்குப் பின் வேறு எழுத்து மிஞ்சியதா, எண் வரம்பைத் தாண்டியதா. வரியின் முடிவுக்குறி வந்து சேரவில்லை என்றால் எஞ்சியதை வாசித்துக் கழித்துவிட்டுத்தான் மறுபடி கேட்க வேண்டும். நீளத்தை எழுத்தால் அளக்காமல் பைட்டால் அளப்பதும் அவசியம். யூடிஎஃப்-8 முறையில் ‘சாமளாபுரம்’ என்ற பெயர் 30 பைட்டுகள். 20 பைட் அணியில் வாங்கினால் ‘பு’ என்ற எழுத்தின் உகரக் குறி நடுவில் உடையும்.

சிறிய நிரலுக்கு இவ்வளவு ஏன், பயன்படுத்துபவர் பழகியவர்தானே என்பது அடுத்த மறுப்பு. இந்தச் சோதனையை ஒரே செயற்கூறாக எழுதி எல்லா இடத்திலும் அழைக்கலாம், உழைப்பு ஒருமுறைதான். பழகியவர் மட்டுமே உள்ளீடு தருவார் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய்விடும் என்பதை 1988 நவம்பர் 2 அன்று இணையத்தில் பரவிய மோரிஸ் புழு என்ற தீநிரல் காட்டியது. ஃபிங்கர் சேவை நிரலின் 512 பைட் இடத்தை, நீளம் பார்க்காமல் வரியை வாங்கும் கெட்ஸ் (gets) செயற்கூறு வழியாக நிரப்பி வழியவிட்டது அது பயன்படுத்திய வழிகளில் ஒன்று. 2011-இல் வந்த சி11 தரம் கெட்ஸை மொழியிலிருந்தே நீக்கியது.

எது செல்லாதது என்பதைத் தொழிலே தீர்மானிக்கிறது. தறியில் அரை மீட்டர் உண்மையான அளவு, 112.5-ஐ மறுக்கும் நிரல் கவனமாக எழுதப்பட்டிருந்தாலும் குறையுள்ளதே. அங்கே பின்ன எண்ணையும் வாசிக்கும் ஸ்ட்ர்டாட் (strtod) கொண்டு பின்னத்தை ஏற்று, முடிவிலி, எதிர்மறை போன்றவற்றை விலக்க வேண்டும். தட்டியவர் சரியாகத்தான் தட்டினார். அவர் தந்த அளவை முழுதாக வாங்கத் தெரிந்த நிரலே அவருடைய கூலியையும் குறையாமல் கணக்கிடும்.