பெயர் மாறிய கோட்டையும் வடிவம் மாறாச் சிற்றுண்டியும்

ஆட்சி மாறுந்தோறும் பெயரும் மாறிய கோட்டை செஞ்சி. 1649இல் அதனைக் கைப்பற்றிய பீஜப்பூர் சுல்தானியர் பாதுஷாபாத் என்றனர். 1677இல் அது சிவாஜியின் வசமாயிற்று. நெடிய முற்றுகைக்குப் பின் 1698இல் வென்ற முகலாயர் நுஸ்ரத்கட் எனப் பெயரிட்டனர். 1717–18இல் எழுந்த சாதத்துல்லா கான் பள்ளிவாசல் அக்காலத்தின் சாட்சியாய் நிற்கிறது.

கோட்டைகளின் வெற்றி தோல்விகளை ஆண்டு தவறாது குறித்த வரலாறு, அடுக்களை வழியே நிகழ்ந்த கொடுக்கல் வாங்கலுக்கு அத்துணை இடம் தரவில்லை. ரமலான் மாலைகளில் தமிழக முஸ்லிம் இல்லங்களில் பொரியும் சமோசா அத்தகைய கொடுக்கல் வாங்கலுக்கு நல்லதொரு சான்றாகும்.

பாரசீக மூலமுடைய இப்பண்டத்தை அரபியர் சன்பூசஜ் என்றனர். 850இல் மறைந்த இசைவாணர் இஸ்ஹாக் அல்மவ்ஸிலி இதனைக் கவிதையிற் பாடினார். 1226இல் பக்தாதில் எழுதப்பட்ட 'கிதாபுத் தபீக்' என்னும் சமையல் நூல் இதன் செய்முறையைத் தருகிறது: மெல்லிய ரொட்டியைப் பட்டைகளாக வெட்டி, இறைச்சியை உள்ளிட்டு, முக்கோணமாக மடித்து, மாவுப் பசையால் ஒட்டி, நல்லெண்ணெயில் பொரிக்க வேண்டும்.

பின்னாளில் மதுரை சுல்தானகத்திற்கும் வந்த இப்னு பதூதா, முஹம்மது பின் துக்ளக்கின் டில்லி விருந்தில் இதனைக் கண்டார். கொத்திய இறைச்சியுடன் வாதுமை, பிஸ்தா, வெங்காயம், மசாலா ஆகியவற்றை மெல்லிய ரொட்டியில் பொதிந்து நெய்யில் பொரித்ததாக அவர் வருணிக்கிறார். மாண்டு சுல்தான்களின் 'நிஃமத்நாமா'வும் பலவகைச் சமோசாக்களைக் கூறுகிறது.

அரண்மனையின் பிஸ்தாவும் வாதுமையும் எளியவர் வீட்டில் நிலைக்கவில்லை. அங்கே வெங்காயமே பூரணமாயிற்று. மைதா மாவை மெல்லிய தாளாகத் தேய்த்து, கல்லில் இலேசாக வாட்டிப் பட்டைகளாக நறுக்குவர். அரிந்த வெங்காயம், பச்சை மிளகாய், மல்லித்தழை, உப்பு ஆகியவற்றோடு, ஈரத்தை உறிஞ்சச் சிறிது அவலும் கலப்பர். முக்கோணமாக மடித்து, விளிம்பை மைதாப் பசையால் ஒட்டி, எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்தெடுப்பர். பக்தாத் நூல் கூறிய பட்டையும் முக்கோணமும் பசையும் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நம் அடுக்களையில் அப்படியே உள்ளன.

இதனை அந்நியப் பண்டம் என்று ஒதுக்குவோரும் உளர். இம்மண்ணிலேயே தோன்றியது என்று வாதிடுவோரும் உளர். இருசாராரும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் நலம். சுதேசிப் பூரணம் என்று நாம் கருதும் உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. 1498க்குப் பின் ஐரோப்பியக் கப்பல்கள் வழியே இந்தியாவை அடைந்தவை. பிறப்பிடம் பார்த்து விலக்குவதாயின், நம் இலைகளில் எஞ்சுவது சிறிதே.

கோட்டைக்கு வென்றவர்கள் இட்ட பெயர்கள் இன்று நூல்களில் மட்டுமே உள்ளன. மக்கள் அதனைச் செஞ்சி என்றே அழைக்கின்றனர். எவரும் படைநடத்திப் பரப்பாத சமோசாவோ, தன் பழம்பெயரின் சாயலோடு எல்லாச் சமயத்தார் நாவிலும் வாழ்கிறது. ஆணையால் வருவதினும் விருந்தோம்பலால் வருவதே நிலைக்கும் என்பதை இதிலிருந்து நாம் உணர்கிறோம்.