ஏட்டில் மறையும் மகள்

குலமுறை தேடப் புகுவோர் முதற்கண் பழைய ஏடுகளையே நாடுவர். தோட்டத்துக் கிராணியாகிய யான் நாள்தோறும் புரட்டும் ஏடு செக்ரோல். பெரட்டுக்கு வந்த ஆள், வேலை நாள், கூலி ஆகிய மூன்றுமே அதன் செய்தி. 1938இல் இந்திய அரசாங்கம் தடுக்கும்வரை கங்காணிமார் அழைத்துவந்த நம் முன்னோர் பலர், பினாங்கிலும் இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்காமிலும் கரையேறினர். அவர்தம் ஆண்மக்களைத் தந்தை பெயர்கொண்டு தொடர்ந்து செல்லலாம். மகளோ மணமானதும் கணவன் பெயருள் மறைகின்றாள்; தேடுவோன் அவ்விடத்தே திகைத்து நிற்கின்றான்.

இதற்குச் சான்றாக, 1925இல் கோலாலம்பூரில் வசதியுள்ள தமிழ்க் குடும்பமொன்றிற் பிறந்த மங்கையின் வரலாற்றை நோக்குக. 1943இல் நேதாஜியின் சொற்பொழிவைக் கேட்டு, காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார். வீட்டார் தடுத்தும் ஜான்சிராணிப் படையிற் சேர்ந்தார். அப்போது அவர் பெயர் ஜானகி தேவர். 1945 ஏப்ரலில் ரங்கூனிலிருந்து நேதாஜியுடன் பின்வாங்கிய பெண்படையினருள் அவரும் ஒருவர். 1946இல் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரஸின் நிறுவனர் வரிசையிலும் அவர் உளர். பின்னாளில் மேலவையில் அமர்ந்தவரும், 2000இல் இந்திய அரசின் பத்மஸ்ரீ விருது பெற்றவரும், 2014இல் மறைந்தவரும் ஜானகி ஆதி நாகப்பன். இருவரும் ஒருவரே! முதற்பெயரை மட்டும் தேடுவோன் பிற்பாதியை இழப்பான். பிற்பெயரை மட்டும் அறிந்தோன் போர்க்களத்தை இழப்பான்.

புகழ் பெற்றவராதலின் அவருடைய இரு பெயர்களையும் நாடு இணைத்து வைத்தது. நிற்க, அதே படையில் ரப்பர்த் தோட்டங்களினின்றும் பெண்கள் பலர் சேர்ந்தனரன்றோ? பால்வெட்டிய கையில் துப்பாக்கி ஏந்திய அவர்களை, அவர்தம் பேரப்பிள்ளைகள் எப்பெயரால் தேடுவர்? கல்வியும் செல்வமும் உடையாரின் வரலாறு தாளில் நிற்கிறது. உழைப்பாளி மகளின் வரலாறு பாட்டியின் நினைவில் மட்டுமே நிற்கிறது. பாட்டி போனால் அதுவும் போம்.

ஆகவே தோழர்களே, இன்றே வீட்டில் ஓர் ஏடு திறமின். மகள் பெயர், அவளைப் பெற்ற தாயின் பெயர், தாய் பிறந்த ஊர், வேலை செய்த தோட்டம், மணந்தபின் வழங்கிய பெயர் ஆகிய யாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதுமின். தந்தை வழியை மட்டும் எழுதுவது பாதிக் குலத்தை அழிப்பதாகும்.